திறமை, ஆர்வம், வாழ்க்கைத் தொழில்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பள்ளிப் படிப்பை முடித்தவர்களும் கேட்கிறார்கள், ஓய்வு பெறும் வயதை நெருங்கியவர்களும் கேட்கிறார்கள். வார்த்தைகள்தான் வேறு, கேள்வி ஏறக்குறைய ஒன்றே. சில கேள்விகளுக்கு ஆய்வாளர்கள் உருப்படியான பதில் வைத்திருக்கிறார்கள். மற்றவற்றுக்கு என் அபிப்பிராயத்தைச் சொல்லியிருக்கிறேன். எது எது என்பது படிக்கும்போதே தெரியும்.

எல்லோருக்குள்ளும் ஏதோ ஒரு திறமை ஒளிந்திருக்கிறது என்கிறார்களே, உண்மையா?

ஆறுதலுக்காகச் சொல்வது. அதில் "ஒளிந்திருக்கிறது" என்ற பகுதிதான் கெடுதல் செய்கிறது. புதையல்போல எங்கோ முழுதாகக் கிடக்கிறது, இடம் தெரிந்தால் எடுத்துக்கொள்ளலாம் என்ற நினைப்பைக் கொடுத்துவிடுகிறது. அப்படி முழுதாக எந்தத் திறமையும் யாருக்குள்ளும் கிடப்பதில்லை.

இருப்பது ஒரு சாய்வு. சிலருக்குச் சுருதி இம்மியளவு விலகினாலும் காது கூசும். சிலருக்கு ஒருமுறை பார்த்த முகம் மறக்காது. சிலர் நீளமான பட்டியலில் தப்பான எண்ணை மட்டும் தனியாகப் பார்த்துவிடுவார்கள். இந்த மாதிரிச் சாய்வு எல்லோருக்கும் எதிலாவது உண்டு என்றால் ஒப்புக்கொள்கிறேன். அது புகழும் பணமும் தரும் துறையில்தான் இருக்கும் என்றால் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

திறமை பிறவியிலேயே வருவதா, பயிற்சியால் வருவதா?

இரண்டும் என்று சொல்லி நழுவிவிடலாம். ஆனால் எது எவ்வளவு என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

ஹங்கேரியைச் சேர்ந்த லாஸ்லோ போல்கர் என்பவர், மேதைகள் பிறப்பதில்லை, வளர்க்கப்படுகிறார்கள் என்பதில் உறுதியாக இருந்தார். தம் மூன்று மகள்களுக்கும் வீட்டிலேயே பாடமும் சதுரங்கமும் சொல்லிக்கொடுத்தார். கடைசி மகள் யூடித் 1991இல் 15 வயதில் கிராண்ட்மாஸ்டர் ஆனார். மிகக் குறைந்த வயதில் அந்தப் பட்டம் பெற்றவர் என்று அமெரிக்க வீரர் பாபி ஃபிஷர் 1958இல் வைத்த சாதனையை முறியடித்தார். பின்னாளில் ஆண், பெண் இருபாலாருக்குமான உலகத் தரவரிசையில் எட்டாம் இடம் வரை போனார். மூத்தவர் சூசனும் கிராண்ட்மாஸ்டர். நடு மகள் சோஃபியா இன்டர்நேஷனல் மாஸ்டர் பட்டத்தோடு நின்றார்.

பயிற்சியின் வலிமைக்கு இதைவிடப் பெரிய சான்று வேண்டாம் என்பார்கள். சரிதான். ஆனால் ஒரே வீடு, ஒரே தந்தை, ஒரே பலகை. மூவரும் எட்டிய உயரம் ஒன்றல்ல. அதையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

எதிர்ப்பக்கச் சான்று ஸ்வீடனிலிருந்து வருகிறது. 10,000க்கும் மேற்பட்ட இரட்டையர்களை வைத்து மிரியம் மோசிங் குழுவினர் 2014இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஒரே கருவில் பிரிந்த இரட்டையர்களில் ஒருவர் மற்றவரைவிட ஆயிரக்கணக்கான மணி நேரம் கூடுதலாக இசைப் பயிற்சி எடுத்திருந்தாலும், சுருதி, மெட்டு, தாளம் ஆகியவற்றில் நுட்ப வேறுபாட்டைக் காதால் கண்டுபிடிக்கும் சோதனையில் அவர் முந்தவில்லை. அளந்தது காதை மட்டும்தான் என்பதை மறக்கக் கூடாது. வயலினை வாசிக்க விரல் பழக வேண்டும், அதற்கு மாற்று வழி கிடையாது. எனக்கு அந்த ஆய்வில் சுவையாகப் பட்டது வேறொன்று. எவ்வளவு நேரம் பயிற்சி செய்கிறோம் என்பதிலேயே மரபணுக்களின் பங்கு கணிசமாக இருந்தது. "உட்கார்ந்து பழகு" என்று சொன்னால் ஒருவர் உட்காருகிறார், இன்னொருவர் எழுந்து ஓடுகிறார் என்றால், அதுவும் முழுக்க ஒழுக்கம் பற்றிய விஷயமில்லை.

10,000 மணி நேரம் உழைத்தால் யாரும் எதிலும் நிபுணராகலாமா?

முடியாது. அந்த எண் வந்த கதை இதுதான். உளவியலாளர் ஆண்டர்ஸ் எரிக்சனும் இரண்டு சக ஆய்வாளர்களும் பெர்லின் இசைக் கல்லூரி ஒன்றின் வயலின் மாணவர்களை ஆராய்ந்து 1993இல் ஒரு கட்டுரை எழுதினார்கள். மிகச் சிறந்த மாணவர்கள் 20 வயதுக்குள் தனியாக அமர்ந்து பயின்ற நேரம் சராசரியாகச் சுமார் 10,000 மணி. எழுத்தாளர் மால்கம் கிளாட்வெல் 2008இல் அதை ஒரு விதியாக்கிப் பிரபலப்படுத்தினார். சராசரி என்றாலே அதற்குக் கீழே நின்றவர்களும் உண்டு. தவிர, அந்த மாணவர்கள் 20 வயதில் இன்னும் மாணவர்கள்தான், உலகப் புகழ்பெற்ற கலைஞர்கள் அல்ல. எரிக்சனே பிற்பாடு இந்த விதியை மறுத்து எழுதினார். அவர் வலியுறுத்தியது மணிக் கணக்கை அல்ல. ஆசிரியர் பிழையைச் சுட்ட, அந்தப் பிழையைக் குறிவைத்துச் செய்யும் பயிற்சியைத்தான்.

அந்த மாதிரிப் பயிற்சிகூட ஆளுக்கு ஆள் உள்ள வித்தியாசத்தில் எவ்வளவை விளக்குகிறது என்று ப்ரூக் மக்னமாராவும் சகாக்களும் 2014இல் பழைய ஆய்வுகளையெல்லாம் தொகுத்துப் பார்த்தார்கள். சதுரங்கம் போன்ற விளையாட்டுகளில் 26 சதவீதம், இசையில் 21, உடல்சார்ந்த விளையாட்டுகளில் 18, கல்வியில் 4. அலுவலகம் முதலான தொழில்களில் ஒரு சதவீதத்துக்கும் குறைவு. கடைசி எண் பலரைத் திடுக்கிட வைக்கிறது. சதுரங்கத்தில் எதைப் பயில வேண்டும் என்பது தெளிவு. ஒரு மேலாளர் வேலைக்கு எதைப் பயிற்சி என்று சொல்வது? பழகுவதற்கு வரையறை இல்லாத இடத்தில் மணிக் கணக்கு ஓடுவதில் பெரிய பொருள் இல்லை.

எனக்கு என்ன பிடிக்கும் என்றே தெரியவில்லை. எப்படிக் கண்டுபிடிப்பது?

உட்கார்ந்து யோசித்துக் கண்டுபிடிக்க முடியாது. இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

பால் ஓகீஃப், கரோல் டுவெக், கிரெகரி வால்ட்டன் ஆகிய உளவியலாளர்கள் 2018இல் வெளியிட்ட ஆய்வொன்றில், கல்லூரி மாணவர்களுக்குக் கருந்துளை பற்றிய எளிமையான, அழகான காணொளியைப் போட்டுக் காட்டினார்கள். அதில் மயங்கியவர்களிடம் அதே பொருளில் ஒரு கடினமான அறிவியல் கட்டுரையைக் கொடுத்துப் படிக்கச் சொன்னார்கள். ஆர்வம் என்பது பிறவியிலேயே அமைந்தது, கண்டுபிடித்தால் போதும் என்று நம்பியவர்களின் ஆர்வம்தான் கட்டுரையைப் படித்ததும் அதிகமாகச் சரிந்தது. நமக்கானது என்றால் சுலபமாக வர வேண்டும் என்ற எதிர்பார்ப்பு அவர்களுக்குள் இருந்தது. கடினமானதும் "இது எனக்கானது இல்லை போலிருக்கிறது" என்று முடிவுகட்டிவிட்டார்கள்.

சார்லஸ் டார்வினைப் பாருங்கள். எடின்பரோவில் மருத்துவம் படிக்கப் போனார்; அறுவை சிகிச்சையைப் பார்க்கச் சகிக்காமல் விட்டார். பாதிரியார் ஆகலாம் என்று கேம்பிரிட்ஜுக்குப் போனார். அங்கே அவர் மும்முரமாகச் செய்தது வண்டு பிடிப்பது. ஒருநாள் பட்டுப்போன மரப்பட்டையை உரித்தபோது அரிய வண்டுகள் இரண்டு கிடைத்தன, கைக்கு ஒன்றாகப் பிடித்துக்கொண்டார். மூன்றாவதாகப் புதிய வகை ஒன்று கண்ணில் பட்டது. விட மனமில்லை. வலக்கை வண்டை வாயில் போட்டுக்கொண்டார். அது கக்கிய திரவம் நாக்கைச் சுட்டதும் துப்பிவிட்டார். அந்த வண்டும் போயிற்று, மூன்றாவதும் போயிற்று. 1831இல் பீகிள் கப்பலில் ஏறியபோது அவருக்கு 22 வயது. உயிர்களின் தோற்றத்தை விளக்குவதே என் பிறவிப் பயன் என்று எழுதி வைத்துவிட்டு அவர் கிளம்பவில்லை. வண்டு பிடித்துக்கொண்டிருந்தவர் என்பதுதான் அப்போதைய உண்மை.

ஆகவே, பெரிய கேள்வியை ஒத்திவைத்துவிட்டு, தொடங்கி முடித்துக் காட்டக்கூடிய சின்ன வேலை ஒன்றை எடுங்கள். ஒரு நாற்காலியைப் பழுதுபார்ப்பது, பத்துப் பக்கம் மொழிபெயர்ப்பது, ஒரு குழந்தைக்குப் பின்னக் கணக்கு புரியும்வரை சொல்லிக்கொடுப்பது. முடிக்க வேண்டும் என்பதுதான் நிபந்தனை. பாதியில் நின்ற வேலை நம்மைப் பற்றி எதையும் சொல்வதில்லை.

எதை எடுத்தாலும் கொஞ்ச நாளில் சலித்துவிடுகிறதே?

புதுமை தீர்ந்துவிட்டது என்று பொருள். எல்லோருக்கும் தீரும். தொடக்கத்தில் நாளுக்கு நாள் முன்னேற்றம் தெரியும், பிறகு வாரக் கணக்கில் ஒன்றும் தெரியாது; அந்தத் தேக்கத்தில்தான் பெரும்பாலோர் இறங்கிவிடுகிறார்கள். மூன்று முறை ஒரே கட்டத்தில் இறங்கியிருந்தால், நான்காவது துறையைத் தேடுவதைவிட அந்தக் கட்டத்தைத் தாண்டிப் பார்ப்பது மேல்.

இது எனக்கு வரும், வராது என்று எப்படித் தெரிந்துகொள்வது?

இந்தப் பக்கத்தில் எனக்கு மிகவும் முக்கியமாகப் படும் கேள்வி இது. செய்யும்போது கிடைக்கும் மகிழ்ச்சியை வைத்து முடிவு செய்யாதீர்கள். மேடையில் பாடினால் யாருக்கும் மகிழ்ச்சிதான். வேறொன்றைக் கவனியுங்கள்: எந்த வேலையில் மற்றவர் கண்ணுக்குப் படாத பிழை உங்கள் கண்ணை உறுத்துகிறது?

பதிப்பகத்தில் புதிதாக வருகிறவர்களுக்கு மெய்ப்புப் பார்க்க, அதாவது அச்சுக்குப் போகும் முன் பிரதியில் பிழை திருத்த, கற்றுக்கொடுப்பது என் வேலையில் ஒரு பகுதி. ஒரு சமயம் இருவர் சேர்ந்தார்கள். ஒருவர் இலக்கியம் படித்தவர், வாசிப்பில் தோய்ந்தவர். மெய்ப்பைக் கையில் கொடுத்தால் கதைக்குள் போய்விடுவார். கதை நன்றாக இருந்தால் பிழையெல்லாம் அவருக்கு மறைந்துவிடும். இன்னொருவர் கணக்குப் பிரிவிலிருந்து மாறி வந்தவர், நாவல் படிக்கும் பழக்கம் இல்லாதவர். சேர்ந்த கொஞ்ச நாளில் ஒரு நாவலின் மெய்ப்பில் பென்சிலால் கேள்விக்குறி போட்டுக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். 40ஆம் பக்கத்தில் கணவரை இழந்த அத்தை, 97ஆம் பக்கத்தில் அதே கணவரைத் தோட்டத்திலிருந்து கூப்பிடுகிறார். எழுதியவர் உட்பட யாரும் கவனிக்காத பிழை. கண்டுபிடித்ததில் அவருக்குப் பெருமை ஒன்றும் தெரியவில்லை, "இதை எப்படி விட்டார்கள்?" என்று எரிச்சல்தான் பட்டார். அந்த எரிச்சலைத்தான் சொல்கிறேன்.

தச்சருக்கு இணைப்பில் மயிரிழை இடைவெளி பொறுக்காது. நல்ல செவிலியருக்கு நோயாளி படுத்திருக்கும் விதமே சரியில்லை என்று தோன்றும், தலையணையைத் திருத்திவிட்டுத்தான் அடுத்த கட்டிலுக்குப் போவார். கணக்கில் நாட்டமுள்ள மாணவர், விடை சரியாக வந்தும் வழி அழகாக இல்லை என்று மறுபடி போடுவார். ஒருவரும் சொல்லாமல் திருத்தப் போகும் கை எங்கே போகிறது என்று பாருங்கள். திருத்துவதில் அலுப்பு வராத வேலையில்தான் தேர்ச்சியும் வரும். காரணம் எளிது: பிழை தெரியாதவருக்கு எத்தனை மணி நேரப் பயிற்சியும் அதே பிழையை உறுதிப்படுத்தும் பயிற்சிதான்.

இதற்கு ஒரு மறுபக்கம் இருக்கிறது. தொடக்கத்திலேயே தம் பிழைகள் எல்லாம் தெரிந்துவிடுவதால், இப்படிப்பட்டவர்கள் தமக்குத் திறமை இல்லை என்று நினைத்து ஒதுங்கிவிடுவதும் நடக்கிறது. ரசனை முன்னே ஓடுகிறது, கை பின்னால் வருகிறது. அதனால் உங்களைப் பற்றி நீங்கள் தரும் தீர்ப்பை மட்டும் நம்பாதீர்கள். சிமின் வசீர் என்ற உளவியலாளர் 2010இல் வெளியிட்ட ஆய்வின்படி, பதற்றம் போன்ற உள்மன நிலைகளை நாமே நன்றாக அறிவோம்; அறிவுக்கூர்மை, படைப்பாற்றல் போன்றவற்றை நம் நண்பர்கள் நம்மைவிடத் துல்லியமாகக் கணிக்கிறார்கள். தெரிந்தவர்கள் எந்த வேலைக்கு உங்களைத் தேடி வருகிறார்கள் என்பது நல்ல துப்பு.

ஆர்வத் தேர்வு, ஆளுமைத் தேர்வு எழுதலாமா?

ஜான் ஹாலண்ட் 1959இல் முன்வைத்த, ஆர்வங்களை ஆறு வகையாகப் பிரிக்கும் முறையைத் தழுவிய தேர்வு என்றால் எழுதலாம். எந்தப் பக்கம் போகப் பிடிக்கும் என்று சொல்லும். போனால் உருப்படுவீர்களா என்று சொல்லாது. மனிதர்களைப் பதினாறு வகையாகப் பிரிக்கும் பிரபலமான தேர்வைப் பொழுதுபோக்காக வைத்துக்கொள்ளுங்கள். சில வாரம் கழித்து மறுபடி எழுதினால் பலருக்கு வேறு வகை வருகிறது.

பிடித்ததையே தொழிலாக்கிக்கொண்டால் வாழ்நாள் முழுவதும் வேலை செய்வதாகவே தோன்றாது என்கிறார்களே?

சொன்னவர் கட்டணப் பட்டியல் அனுப்பிவிட்டுப் பணத்துக்காகக் காத்திருந்ததில்லை போலிருக்கிறது.

1973இல் லெப்பர், கிரீன், நிஸ்பெட் மூவரும் படம் வரையப் பிடித்த மழலையர் பள்ளிக் குழந்தைகளை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். வரைந்தால் பரிசுச் சான்றிதழ் என்று முன்கூட்டியே சொல்லப்பட்ட குழந்தைகள், பிறகு ஓய்வு நேரத்தில் வரைவதில் செலவிட்ட நேரம் மற்றக் குழந்தைகளைவிட ஏறக்குறையப் பாதியாகிவிட்டது. எதிர்பாராமல் சான்றிதழ் பெற்றவர்களுக்கு அப்படி ஆகவில்லை. கூலிக்கு என்று ஆனதும் விளையாட்டின் நிறம் மாறுகிறது.

தவிர, தொழிலாகும்போது பிடித்த பகுதி சுருங்கிவிடும். புகைப்படக் கலையை நேசிப்பவர் கடை வைத்தால், படம் எடுப்பதைவிட வாடிக்கையாளரைச் சமாதானப்படுத்துவதில் அதிக நேரம் போகும். அந்தப் பகுதியும் தாங்கும் என்றால் இறங்கலாம்.

இன்னொரு எச்சரிக்கை. வட அமெரிக்க விலங்குக் காட்சிசாலை ஊழியர்களைப் பற்றி பண்டர்சன், தாம்ப்சன் இருவரும் 2009இல் எழுதிய ஆய்வு ஒன்று உண்டு. தம் வேலையைப் பிறவிக் கடமையாக நினைத்தவர்கள் ஆழ்ந்த நிறைவோடு இருந்தார்கள். அதே ஆட்கள்தான் குறைந்த சம்பளத்தையும் கூடுதல் சுமையையும் அதிகமாகப் பொறுத்துக்கொண்டார்கள். நிர்வாகத்துக்கு அது வசதி. "ஆர்வம் உள்ளவர்கள் மட்டும் விண்ணப்பிக்கவும்" என்ற விளம்பரத்தில் சம்பளம் எவ்வளவு என்று போட்டிருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

இருக்கும் வேலையை விட்டுவிட்டு முழுமூச்சாக இறங்கலாமா?

அவசரப்பட வேண்டாம். அமெரிக்கத் தொழில்முனைவோரைப் பற்றி ராஃபியும் ஃபெங்கும் 2014இல் வெளியிட்ட ஆய்வில், சம்பள வேலையில் இருந்துகொண்டே தொழில் தொடங்கிப் பிறகு முழுநேரமாக மாறியவர்களின் தொழில் மூடப்படும் வாய்ப்பு, எடுத்த எடுப்பிலேயே வேலையை விட்டவர்களைவிட 33 சதவீதம் குறைவாக இருந்தது.

ஐன்ஸ்டைன் 1905இல் இயற்பியலைப் புரட்டிப்போட்ட கட்டுரைகளை எழுதியபோது பெர்ன் நகரக் காப்புரிமை அலுவலகத்தில் ஊழியர். எழுத்தாளர் காஃப்கா 1908 முதல் 1922 வரை தொழிலாளர் விபத்துக் காப்பீட்டு நிறுவனத்தில் வேலை பார்த்தார். மதியம் இரண்டு மணிக்கு வேலை முடியும், இரவில் எழுதுவார். அந்த வேலையைப் பற்றி அவர் புலம்பாத நாள் குறைவு என்பதையும் சொல்லிவிட வேண்டும். வேலை எழுத்தை வளர்த்தது என்று அழகுபடுத்த நான் தயாரில்லை. வாடகை கொடுத்தது, அவ்வளவுதான். அதுவே பெரிய உதவி.

வயதாகிவிட்டது. இனிமேல் முடியுமா?

துறையைப் பொறுத்தது. ஜிம்னாஸ்டிக்ஸ், பாலே என்றால் முடியாது. ஓவியம், எழுத்து, கற்பித்தல், கைத்தொழில் போன்றவை வயது கேட்பதில்லை. வான் கோ ஓவியர் ஆவதென்று 1880இல் முடிவெடுத்தபோது 27 வயது. அதற்குள் ஓவிய வணிகம், ஆசிரியர் பணி, புத்தகக் கடை, மதப் பிரசாரம் எல்லாம் பார்த்து முடித்திருந்தார். ஆங்கில எழுத்தாளர் பெனலோப்பி ஃபிட்ஸ்ஜெரால்டின் முதல் புத்தகம் 1975இல், அவருடைய 58ஆம் வயதில் வந்தது. நான்கு ஆண்டுகளில் புக்கர் பரிசு. எல்லோரும் அப்படி ஆகிவிடுவார்கள் என்று சொல்வதற்கில்லை. இளம் வயதில் தொடங்கியவர்களிலும் எல்லோரும் ஆகிவிடவில்லையே.

குழந்தையைச் சின்ன வயதிலேயே ஒரே துறையில் விட்டுவிடலாமா?

போல்கர் சகோதரிகளைக் காட்டிக் கேட்பார்கள். குல்லிச், மக்னமாரா, ஹாம்ப்ரிக் மூவரும் விளையாட்டு வீரர்களைப் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில், உலகத் தரத்தை எட்டியவர்கள் தேசிய அளவில் நின்றவர்களைவிடச் சிறுவயதில் பல விளையாட்டுகளை ஆடியிருந்தார்கள். தம் முக்கிய விளையாட்டைத் தாமதமாகத் தொடங்கினார்கள். ஆரம்பத்தில் மெதுவாகவே முன்னேறினார்கள். சிறார் போட்டிகளில் ஜெயிப்பவர்களுக்கு இது நேர்மாறு. பத்து வயதில் கோப்பை வேண்டுமா, இருபத்தைந்தில் வேண்டுமா என்பது பெற்றோர் தங்களையே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி.

ஆர்வம் இருக்கிறது, திறமை இல்லை. என்ன செய்வது?

தாராளமாகச் செய்துகொண்டிருங்கள். சுமாராகப் பாடுவது குற்றமில்லை. அதை நம்பிக் கடன் மட்டும் வாங்காதீர்கள்.

திறமை இருக்கிறது, ஆர்வம் இல்லையே?

"இவ்வளவு திறமையை வீணடிக்கிறாயே" என்பார்கள். திறமை யாருக்கும் தர வேண்டிய கடன் அல்ல. ஆனாலும், அலுப்பு அந்தத் துறையின் மேலா, அதைக் கற்றுக்கொடுத்த விதத்தின் மேலா என்று ஒருமுறை பிரித்துப் பாருங்கள். ஆசிரியரை வெறுத்துப் பாடத்தை விட்டவர்கள் ஏராளம்.

பல ஆண்டு போட்டுவிட்டேன். தொடர்வதா, விடுவதா?

பொருளியலாளர் ஸ்டீவன் லெவிட், முடிவெடுக்க முடியாமல் தவித்தவர்களை இணையத்தில் நாணயம் சுண்டச் சொன்னார். 20,000க்கும் மேற்பட்ட முறை சுண்டப்பட்டது. வேலையை விடலாமா என்பது போன்ற பெரிய கேள்விகளில், மாற்றத்தைத் தேர்ந்தெடுத்தவர்கள் ஆறு மாதம் கழித்து, பழைய நிலையிலேயே இருந்தவர்களைவிட மகிழ்ச்சியாக இருப்பதாகச் சொன்னார்கள். நாணயம் சுண்டும் அளவுக்குச் சமமாக ஊசலாடியவர்களுக்குத்தான் இது பொருந்தும். நீங்களும் அந்த நிலையில் இருந்தால், போட்ட ஆண்டுகளைக் கணக்கில் சேர்க்காதீர்கள். தொடர்ந்தாலும் விட்டாலும் அவை திரும்பி வரப்போவதில்லை.

இதுதான் என் வாழ்க்கைப் பணி என்று எதுவுமே தோன்றவில்லை. என்னிடம் ஏதோ கோளாறா?

இல்லை. ஏமி ரெஸ்னெவ்ஸ்கியும் சகாக்களும் 1997இல் ஊழியர்களிடம் கேட்டபோது, வேலையைப் பிழைப்பாகப் பார்த்தவர்கள், பதவி உயர்வுக்கான ஏணியாகப் பார்த்தவர்கள், வாழ்க்கைப் பணியாகப் பார்த்தவர்கள் என ஏறக்குறைய மூன்று சம பங்காகப் பிரிந்தார்கள். ஒரே மாதிரி வேலை செய்த அலுவலக உதவியாளர்களுக்குள்ளும் இதே பிரிவு இருந்தது. பிழைப்பு என்று நினைத்து நேர்மையாக வேலை பார்த்துவிட்டு, மாலையில் தமக்குப் பிடித்த உலகத்துக்குத் திரும்புகிறவர்களிடம் குறை காண எனக்கு ஒன்றுமில்லை.

நான் விரும்பும் துறைக்கு வீட்டில் சம்மதிக்கவில்லை. எப்படிப் பேசுவது?

"எனக்கு இதுதான் பிடிக்கும்" என்று தொடங்காதீர்கள். அவர்கள் பயம் வேறு இடத்தில் இருக்கிறது. அந்தத் துறையில் பத்தாண்டு தாக்குப்பிடித்த ஒருவரை வீட்டுக்கு அழைத்து, வருமானம் எப்படி வருகிறது, வராத மாதத்தில் என்ன செய்கிறார் என்று அவர்கள் முன்னாலேயே கேளுங்கள். வெற்றிபெற்ற பிரபலத்தின் கதையை எடுத்துக்காட்டாகச் சொல்ல வேண்டாம், அதற்கு மறுகதை அவர்களிடம் தயாராக இருக்கும். நீங்கள் செய்து முடித்த வேலையைக் காட்டுங்கள். எவ்வளவு காலம் முயலப்போகிறீர்கள், அதற்குள் எது நடந்தால் தொடர்வீர்கள், நடக்காவிட்டால் என்ன வேலைக்குப் போவீர்கள் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். தேதியும் போடுங்கள். அந்தத் தேதி வரும்போது அவர்கள் கேட்பதற்கு முன்னால் நீங்களே அந்தத் தாளை எடுத்து மேசையில் வையுங்கள்.